அத்திப்பள்ளியில் 21, ஓசூரில் 18... தெரியுமா?

ஓசூர் பேருந்து நிலையத்தில் ஏறி, ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. மொத்தம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. அதற்குள் ஒரு சட்டமே மாறிவிடுகிறது, தெரியுமா? ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சிப்காட்டில் அப்ரண்டிஸாகச் சேர்ந்த 19 வயதுப் பையன் ஓசூர் பெட்டிக்கடையில் சிகரெட் கேட்டால், கடைக்காரர் சட்டப்படி கொடுக்கலாம். அதே பையனுக்கு அத்திப்பள்ளியில் கொடுத்தால் கடைக்காரர் மேல் வழக்கு! இங்கே வயது வரம்பு 18, அங்கே 21.

கர்நாடகச் சட்டமன்றம் 2024-ல் நிறைவேற்றிய இந்தப் புகையிலைச் சட்டத் திருத்தத்துக்கு 2025 மே மாதம்தான் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பொது இடத்தில் புகைத்தால் அபராதம் 200 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 1,000 ரூபாய். ஹூக்கா பார்களுக்குத் தடை. உதிரி சிகரெட் விற்பனைக்கும் தடை. (ஹூக்கா பார் விஷயத்தில் நாம் முந்திக்கொண்டோம். தமிழ்நாடு 2022-லேயே சட்டம் திருத்தியது.)

ஏன் 21? 2016-17-ல் நாடு முழுக்க வீடு வீடாக எடுக்கப்பட்ட உலகப் புகையிலைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் விளங்கிவிடும். இந்தியாவில் ஒருவர் புகையிலையை முதன்முதலாகத் தொடும் சராசரி வயது 18.9! அந்த வயதை அலுங்காமல் தாண்டவைத்துவிட்டால், பலர் அதன் பிறகு தொடவே மாட்டார்கள் என்பதுதான் கணக்கு. ‘புகையிலை இல்லாத கர்நாடகத்துக்கான கூட்டமைப்பு’ போன்ற மக்கள் குழுக்கள் பெங்களூருவில் ஆண்டுக்கணக்காக இதையெல்லாம் கேட்டு மனுக் கொடுத்துக்கொண்டிருந்தன. நம் ஊரிலும் சிரில் அலெக்சாண்டரை மாநில ஒருங்கிணைப்பாளராகக் கொண்ட, புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான தமிழ்நாடு மக்கள் அமைப்பு இருக்கிறது. சட்டமன்றத்தில் கை உயர்த்துகிறவர்களை நமக்குத் தெரியும். அந்தச் சட்டத்துக்காக அதிகாரிகளின் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களைத் தெரியுமா?

உதிரி சிகரெட்டைத் தடை செய்வது என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறீர்களா? ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிகிற நேரத்தில் ஏதாவது ஒரு கேட்டுக்கு எதிரே நின்று பாருங்கள். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் ஒற்றை சிகரெட். கடைக்காரர் பாக்கெட்டைக் கல்லாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக உருவிக் கொடுக்கிறார். பற்றவைக்க, கடையின் தூணில் கயிறு கட்டித் தொங்கும் லைட்டர். வாங்கியவர் பாக்கெட்டைப் பார்க்கவே இல்லை! பாக்கெட்டின் இருபுறமும் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு புற்றுநோய்ப் படம் போட்டிருக்கிறதே, அது கல்லாப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. புகைக்கிறவர் கண்ணில் படுவதேயில்லை. எச்சரிக்கையும் போய்விட்டது, உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எண்ணும் போய்விட்டது.

அந்தத் தொங்கும் லைட்டரைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். புகைபிடிக்கத் தடை உள்ள பொது இடத்தில் ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதையும் வைக்கக் கூடாது என்று 2008-ம் ஆண்டு விதிகளே சொல்கின்றன. சிற்றுண்டிக் கடைகளும் பணியிடங்களும் அந்தப் பட்டியலில் உண்டு!

சரி, அந்த 85 சதவீதப் படம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அதற்குப் பின்னால் ஒரு பெரும் போராட்டமே இருக்கிறது. 2016 ஏப்ரல் 1-ல் அது நடைமுறைக்கு வந்தபோது, எச்சரிக்கைப் படங்களின் அளவில் உலக வரிசையில் 136-வது இடத்தில் கிடந்த இந்தியா ஒரே பாய்ச்சலில் 3-வது இடத்துக்குப் போனது. முன்னால் நின்றவை நேபாளமும் வனுவாட்டுவும் மட்டுமே! புகையிலை நிறுவனங்கள் பல மாநிலங்களில் வழக்குத் தொடுத்தன. உச்ச நீதிமன்றம் எல்லா வழக்குகளையும் ஒரே இடத்தில் விசாரிக்கச் சொன்னது. எந்த இடத்தில்? ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் கர்நாடக உயர் நீதிமன்றத்தில்! 2017 டிசம்பர் 15-ல் அந்த நீதிமன்றம் 85 சதவீத விதியை ரத்து செய்துவிட்டது. மக்கள் குழுக்கள் சோர்ந்து உட்கார்ந்தனவா? இல்லை. ‘ஹெல்த் ஃபார் மில்லியன்ஸ்’ என்ற அறக்கட்டளை உள்ளிட்டோர் உடனே டெல்லிக்கு ஓடினார்கள். 2018 ஜனவரி 8-ல், ஒரு மாதம் முடிவதற்குள், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்புக்குத் தடை ஆணை பிறப்பித்தது. படம் பிழைத்தது!

இந்தப் படங்களால் பயன் உண்டா என்று கேட்பவர்கள் நிறைய. அதே கணக்கெடுப்பில் சிகரெட் பிடிப்பவர்களில் 62 சதவீதம் பேரும், பீடி பிடிப்பவர்களில் 54 சதவீதம் பேரும், மெல்லுகிறவர்களில் 46 சதவீதம் பேரும் பாக்கெட்டில் உள்ள எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிடலாமா என்று யோசித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு படம் இத்தனை பேரை யோசிக்க வைத்திருக்கிறது என்றால் அதைக் கண்ணுக்கு மறைத்து விற்பதைப் பற்றி நாம் கோபப்பட வேண்டாமா?

இன்னொரு ஆச்சரியம். இன்று பஸ்ஸிலும் ரயிலிலும் யாரும் தைரியமாகப் புகைவிடுவதில்லை. இதற்கு நாம் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் தெரியுமா? கேரளத்தில் ஒரு பேராசிரியைக்கு! பயணத்தில் அடுத்தவர் விட்ட புகையைச் சகிக்க முடியாமல் மோனம்மா கொக்காட் நீதிமன்றப் படி ஏறினார். 1999 ஜூலை 12-ல் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. அந்த அமர்வில் இருந்த நீதிபதிகளில் ஒருவர் நம் தேவகோட்டைக்காரரான ஏ.ஆர்.லட்சுமணன்! இரண்டே ஆண்டுகளில், 2001 நவம்பர் 2-ல், முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், பஸ், ரயில் எல்லாவற்றுக்கும் தடையை நாடு முழுக்க விரித்தது. அதற்குப் பின்தான் நாடாளுமன்றமே 2003-ல் புகையிலைச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அப்புறம் சண்டிகர். ‘பர்னிங் பிரெய்ன் சொசைட்டி’ என்ற சின்னஞ்சிறு அமைப்பு. அதை நடத்திய ஹேமந்த் கோஸ்வாமி கையில் எடுத்த ஆயுதம் தகவல் அறியும் உரிமைச் சட்டம். உங்கள் அலுவலகத்தில் எச்சரிக்கைப் பலகை வைத்தீர்களா, எத்தனை பேருக்கு அபராதம் போட்டீர்கள் என்று ஒவ்வொரு அரசு அலுவலகத்துக்கும் மனு மேல் மனு. பதில் எழுத வேண்டுமே என்பதற்காகவே அதிகாரிகள் பலகை வைத்தார்கள்! 2007 ஜூலையில் சண்டிகர் புகையில்லா நகரம் ஆனது. மனுவுக்கு ஆன செலவு தலா பத்து ரூபாய். ஓசூரில் இதை நாளைக்கே செய்யலாம். யாரும் தடுக்கப்போவதில்லை.

பலகை என்றதும் நினைவுக்கு வருகிறது. 60 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் என்று அதன் அளவுகூட விதியில் உண்டு. யாரிடம் புகார் செய்வது என்பதையும் அங்கே அறிவித்திருக்க வேண்டும்! புகார் வந்தும் பொறுப்பாளர் கண்டுகொள்ளாமல் விட்டால், எத்தனை பேர் புகைத்தார்களோ அத்தனை பேருக்கான அபராதமும் அவர் தலையில் விடியும். அபராதம் போடும் அதிகாரம் போலீஸுக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா? பள்ளித் தலைமை ஆசிரியர் போடலாம். ஸ்டேஷன் மாஸ்டர் போடலாம். போஸ்ட் மாஸ்டரும் போடலாம்!

கிருஷ்ணகிரிக்காரர்களுக்கென்றே ஒரு தகவல். உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது 2004 பிப்ரவரி 5. தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரி 9. நான்கு நாள் வித்தியாசம்!

2010-ல் பெங்களூருவில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. உலகப் புகையிலைத் தொழில் மாநாடு அந்த ஊரில் நடக்க ஏற்பாடாகியிருந்தது. அதற்கு உதவித்தொகை கொடுத்து உடன் நின்றது யார் தெரியுமா? மத்திய அரசின் புகையிலை வாரியம்! ஒரு கையால் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் கையெழுத்து, மறு கையால் புகையிலை வியாபாரிகளுக்கு விருந்தா என்று கேட்டு, பெங்களூரு பொது சுகாதார நிறுவனத்தின் இளம் மருத்துவர்கள் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். வாரியம் விலகிக்கொண்டது. பொது சுகாதாரத்தில் இந்தக் குழுக்களின் வேலை மேடையில் உறுதிமொழி வாசிப்பதோடு முடிந்துவிடுகிறது என்று எண்ணுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழக்கைத்தான்.

புகைத்தால் புற்றுநோய் வரும். அது ஊருக்கே தெரியும். காசநோய்? 2003-ல் லான்செட் இதழில் வந்த ஒரு ஆய்வு உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. அந்த ஆய்வு நடந்தது நம் தமிழ்நாட்டில்! டாக்டர் வேந்தன் கஜலட்சுமியும் இங்கிலாந்தின் ரிச்சர்ட் பீட்டோ உள்ளிட்டோரும் இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்கு ஆட்களை அனுப்பி, அவர் புகைப்பாரா, எவ்வளவு காலம் புகைத்தார் என்று குடும்பத்தாரிடம் கேட்டுக் குறித்தார்கள். உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். புகைப்பவர் காசநோயால் சாகும் வாய்ப்பு புகைக்காதவரைப்போல நான்கு மடங்குக்கும் மேல்! இந்தியாவில் காசநோயால் சாகும் ஆண்களில் பாதிப் பேரின் சாவுக்குப் புகைதான் காரணம் என்று கணக்குச் சொன்னது அந்த ஆய்வு. ஒரே அறையில் எட்டுப் பத்து பேர் தங்கி ஷிப்ட் மாற்றி ஷிப்ட் தூங்கும் தொழிலாளர் குடியிருப்புகளை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒருவர் பிடிக்கும் பீடி அவரோடு நிற்குமா?

சினிமாவுக்கு வருவோம், அது இல்லாமல் நம் ஊர்க் கதை ஏது! சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடித்து ஒரு தலைமுறையையே மயக்கிய ரஜினிகாந்தின் பூர்வீக ஊர் எது தெரியுமா? வேப்பனப்பள்ளி பக்கத்தில் நாச்சிக்குப்பம், இதே கிருஷ்ணகிரி மாவட்டம்! 2002-ல் ‘பாபா’ வந்தபோது புகைக்கும் காட்சிகளை எதிர்த்து பா.ம.க. பெரும் கிளர்ச்சி செய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் கட்சியின் அன்புமணி ராமதாஸ் பின்னர் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோதுதான், 2008 காந்தி ஜெயந்தி அன்று, பொது இடத் தடை விதிகள் நாடெங்கும் அமலுக்கு வந்தன. 2018-ல் விஜய் சிகரெட்டோடு நின்ற ‘சர்கார்’ முதல் பார்வைப் படத்தை எதிர்த்துப் பசுமைத் தாயகம் அமைப்பு குரல் கொடுத்தது. சுகாதாரத் துறையிலிருந்து நோட்டீஸ் போனது. படம் ட்விட்டரிலிருந்து நீக்கப்பட்டது. ரசிகர்கள் திட்டினார்கள், திட்டட்டும். பதினைந்து வயதுப் பையன் சுவரில் ஒட்டிவைக்கும் படம் அது. எனக்கு அந்த விஷயத்தில் பசுமைத் தாயகத்தின் பக்கம்தான் நியாயம் தெரிந்தது.

இனி எல்லையின் பெரிய தலைவலி. தமிழ்நாட்டில் குட்கா மட்டுமல்ல, மெல்லும் புகையிலை எல்லாவற்றுக்கும் 2013 மே மாதத்திலிருந்து தடை. ஆனால் அந்தத் தடைக்கு ஆயுள் ஓராண்டுதான், தெரியுமா? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி நீட்டிக்க அதிகாரமில்லை என்று ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. கர்நாடகத்திலும் குட்காவுக்கு 2013-லிருந்து தடை உண்டு. ஆனால் புகையிலை கலக்காத பான் மசாலா ஒரு பொட்டலம், வெறும் புகையிலை ஒரு பொட்டலம் என்று அங்கே தனித்தனியாக விற்றார்கள். வாங்கியவர் உள்ளங்கையில் கொட்டிக் கலந்தால் குட்கா தயார்! அந்தப் பக்கம் கடையில் தொங்கும் சரம், இந்தப் பக்கம் வந்தால் கடத்தல் சரக்கு. அதனால்தான் ஹான்ஸ், கூல் லிப் போன்ற புகையிலைப் பொட்டலங்கள் காய்கறி மூட்டைக்கு அடியிலும் காரின் பின்பெட்டியிலும் ஒளிந்து ஓசூர் வழியாக இறங்குகின்றன. ஜூஜூவாடியில் போலீஸ் வண்டியை நிறுத்தி நிறுத்திச் சோதிக்கிறார்கள்.

கூல் லிப்பைப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன டப்பாவுக்குள் தேயிலைப் பைபோலக் குட்டிக் குட்டிப் பைகள். அதை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே செருகிக்கொண்டால் புகை இல்லை, எச்சில் துப்ப வேண்டியதில்லை, வாசனையும் புதினா மாதிரி. வகுப்பறையில் ஆசிரியர் எதிரிலேயே ஒரு மாணவன் வைத்துக்கொண்டு உட்காரலாம்! அதுதான் இதன் கொடுமை. 2024 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி ஜாமீன் மனுக்களை விசாரித்தபோது, ஒரு மாநிலம் மட்டும் தடை செய்து என்ன பயன், கூல் லிப்பைப் பாதுகாப்பற்ற பொருள் என்று நாடு முழுக்க ஏன் அறிவிக்கக் கூடாது என்று மத்திய அரசைக் கேட்டார். ஓசூரில் நிற்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியின் அர்த்தம் வேறு யாரையும்விட நன்றாகப் புரியும்.

அதிர்ச்சியான எண் ஒன்று சொல்லட்டுமா? 2009-10-க்கும் 2016-17-க்கும் நடுவில் இந்தியாவில் புகையிலை பயன்படுத்தும் பெரியவர்கள் 34.6 சதவீதத்திலிருந்து 28.6 ஆகக் குறைந்தார்கள். கர்நாடகத்தில் 28.2-லிருந்து 22.8 ஆக இறங்கியது. தமிழ்நாட்டில்? 16.2-லிருந்து 20.0 ஆக ஏறியது! தடை போட்ட மாநிலத்தில் ஏறியிருக்கிறது. தடை வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தடை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கடையாகப் போய்ப் பார்க்கவும், பள்ளிகளைச் சுற்றி மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்களா என்று எட்டிப் பார்க்கவும் ஆள் போதவில்லை. 100 கெஜம், அதாவது சுமார் 91 மீட்டர். பள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது. அந்த எல்லையைக் காட்டத்தான் மஞ்சள் கோடு. உங்கள் பிள்ளையின் பள்ளி வாசலில் அந்தக் கோடு இருக்கிறதா, நாளைக் காலையில் பாருங்கள்.

ஓசூரில் இன்னொரு வேலையும் காத்துக்கிடக்கிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று ஏற்கெனவே நான்கு மொழி பேசிய ஊர் இது. இப்போது இந்தியும் ஒடியாவும் வங்காளமும் சேர்ந்துவிட்டன. ஒடிசாவில் பெரியவர்களில் 45.6 சதவீதம் பேருக்கும் ஜார்க்கண்டில் 38.9 சதவீதம் பேருக்கும் புகையிலைப் பழக்கம் உண்டு, பெரும்பாலும் கைனி போன்ற மெல்லும் வகைதான். அங்கிருந்து வந்து இங்கே பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்க்கிறவர், பசியையும் தூக்கத்தையும் அடக்க அதையே உதட்டில் அடக்கிக்கொள்கிறார். அவருக்குத் தமிழில் துண்டறிக்கை கொடுத்து என்ன பிரயோஜனம்? அவர் மொழியில் பேசுகிற ஒருவர் கேண்டீனில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும். தொழிற்சாலைகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு: கூரைக்குக் கீழே வேலை செய்பவர்களில் 30.2 சதவீதம் பேர் பணியிடத்தில் அடுத்தவர் விட்ட புகையைச் சுவாசிக்கிறார்கள் என்கிறது அதே 2016-17 புகையிலைக் கணக்கெடுப்பு.

கடைசியாக ஒன்று, இதைக் கேட்டு நானே வாய்பிளந்தேன். எல்லாப் பாக்கெட்டிலும் அச்சடித்திருக்கும் 1800-11-2356 என்ற எண்ணுக்கு ஓசூரிலிருந்து ஒருவர் அழைத்துத் தமிழில் பேசினால், அந்த அழைப்பு எங்கே போகும் தெரியுமா? பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்கு! 2002-ல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கிய 13 புகையிலை மீட்பு மையங்களில் சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் ஒன்று, நிம்ஹான்ஸ் ஒன்று. 2018 முதல் தென்னிந்திய மொழிகளுக்கான தொலைபேசி உதவியும் நிம்ஹான்ஸிலிருந்துதான். கட்டணம் இல்லை. திட்ட மாட்டார்கள், அறிவுரையாகக் கொட்டவும் மாட்டார்கள். எத்தனை வருடப் பழக்கம், காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட் என்று கேட்பார்கள். விடுவதற்கு ஒரு தேதியைக் குறிக்கச் சொல்வார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு அவர்களே திரும்பக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிப்பார்கள். அந்த மருத்துவமனை இருக்கும் சாலையின் பெயர் என்ன தெரியுமா? ஓசூர் ரோடு!